மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க அணு மருத்துவ ஸ்கேன்: எப்போது, எப்படி, எதற்கு

"பெட் ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டா எங்க என்ன இருந்தாலும் தெரிஞ்சிடுமே டாக்டர்?" மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்ட பெண்ணின் வீட்டார் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அப்படித் தெரிந்துவிடாது என்பதே சரியான பதில். மார்பகப் புற்றுநோயை ஆரம்பக் கட்டத்தில் தேடுவதற்கு கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி எடுக்கும் முழு உடல் பெட் ஸ்கேன் ஏற்ற கருவியே அல்ல. அதே அணு மருத்துவத் துறையில், அதைவிடக் குறைந்த கதிர்வீச்சில், அதைவிடச் சிறிய கட்டியைக் காட்டும் வேறொரு சோதனை இருக்கிறது. மாலிக்யூலர் பிரெஸ்ட் இமேஜிங், சுருக்கமாக எம்.பி.ஐ., என்ற அதன் பெயர்தான் வெளியே அதிகம் தெரியாது.

அந்தச் சோதனை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம், போகும் முன் என்ன செய்ய வேண்டும், ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு என்ன என்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். கட்டி கையில் தட்டுப்பட்டவர்கள் மட்டும் இதைப் படித்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம். உங்களுக்கு முதல் வேலை மருத்துவர் கையால் பரிசோதிப்பதும், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது

மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் மார்பின் அமைப்பைப் படமெடுக்கின்றன. கட்டியின் விளிம்பு, சுண்ணாம்புத் துகள், திசுவின் இழுப்பு எல்லாம் அதில் தெரியும். அணு மருத்துவப் படம் செல்களின் வேலையைப் பார்க்கிறது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். சுறுசுறுப்பாக இயங்கும் செல்கள் அதை அதிகம் இழுத்துக்கொள்கின்றன. அங்கிருந்து வெளிவரும் காமா கதிர்களைக் கேமரா எண்ணிப் படமாக்குகிறது.

மார்பகத்துக்குப் பயன்படும் முக்கிய மருந்து டெக்னீசியம்-99எம் செஸ்டாமிபி. இது முதலில் இதயத்துக்காக வந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பு சந்தேகத்தில் எடுக்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேனில் இன்றும் இதே மருந்துதான் பெரும்பாலும் போகிறது. மார்பகப் படத்துக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி கொடுத்தது. செஸ்டாமிபி நேர்மின்னூட்டம் கொண்ட, கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பக்கம் எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால் அங்கே போய்த் தங்கிவிடுகிறது. புற்றுநோய்ச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் இயக்கமும் கட்டியைச் சுற்றிய ரத்த ஓட்டமும் கூடுதலாக இருக்கும். கட்டி ஒளிர்வதற்குக் காரணம் இதுதான்.

டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் ஊசி போட்டால் மறுநாள் காலைக்குள் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதிலும் ஒரு பகுதி மலத்திலும் சிறுநீரிலும் முன்பே வெளியேறியிருக்கும்.

படி 1: மேமோகிராம் ரிப்போர்ட்டில் ஓர் எழுத்தைத் தேடுங்கள்

அணு மருத்துவப் பிரிவின் வாசலுக்குப் போகும் முன் கையில் மேமோகிராம் இருக்க வேண்டும். அதன் ரிப்போர்ட்டில் மார்பக அடர்த்தி என்று ஒரு வரி இருக்கும். மார்பகப் பட ரிப்போர்ட் எழுதுவதற்கான பைராட்ஸ் என்ற பொது முறையில் அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் பெரும்பகுதி கொழுப்பு, டி என்றால் மிக அதிகச் சுரப்பித் திசு. சி, டி இரண்டும் அடர்த்தியான மார்பகங்கள்.

மேமோகிராமில் கொழுப்பு கருப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும். புற்றுக் கட்டியும் வெள்ளைதான். பனி மூடிய வயலில் கொக்கைத் தேடுவது மாதிரி. வயது குறைந்த பெண்களுக்கு அடர்த்தி பொதுவாக அதிகம். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து வயது முன்பாகவே வருவதால் இது நமக்கு ஏட்டுப் பிரச்சினை அல்ல. உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

அடர்த்தியைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. மார்பு கெட்டியாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, படத்தில்தான் தெரியும். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி விவரத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது விதி. நம் ஊரில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏ அல்லது பி என்று வந்து, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாமல், மேமோகிராமும் சுத்தமாக இருந்தால் அணு ஸ்கேன் பேச்சு இத்தோடு முடிந்தது. அடுத்த மேமோகிராம் தேதியைக் குறித்து வைத்தால் போதும்.

படி 2: உங்களுக்கு எம்.பி.ஐ. தேவையா என்று முடிவு செய்தல்

மார்பகத்துக்கென்றே செய்யப்பட்ட காமா கேமராவில் எடுப்பதற்கு மாலிக்யூலர் பிரெஸ்ட் இமேஜிங், சுருக்கமாக எம்.பி.ஐ., என்று பெயர். இதில் பெரிய பங்கு அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழுவுடையது. அவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் அடர்த்தியான மார்பகம் கொண்ட 936 பெண்கள் இருந்தார்கள். 11 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. மேமோகிராம் மட்டும் அதில் 3 பேரைக் கண்டுபிடித்தது. காமா படமும் சேர்ந்தபோது 10 பேர் பிடிபட்டார்கள். ஊசி மருந்தின் அளவை 8 மில்லிக்யூரியாக (மில்லிக்யூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குறைத்து 1,585 பெண்களிடம் செய்த அடுத்த ஆய்வு 2015-இல் வந்தது. அங்கே 21 புற்றுநோய்களில் மேமோகிராம் 5-ஐயும் இரண்டும் சேர்ந்து 19-ஐயும் காட்டின.

இந்த எண்களைப் பார்த்து உடனே கிளம்பிவிடக் கூடாது. அதே 2015 ஆய்வில், மேலும் சோதனைக்கு வரச் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 17.6 சதவீதமாக உயர்ந்தார்கள். பயாப்ஸி செய்யப்பட்டவர்களும் 1.3 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமானார்கள். நோயே இல்லாத பல பெண்கள் சில வாரம் தூக்கம் இழந்திருப்பார்கள் என்று பொருள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மேமோகிராம் பரிசோதனைத் திட்டம் மார்பகப் புற்றுநோய் மரணங்களைக் குறைக்கும் என்பதற்குப் பல பத்தாண்டுகளின் சான்று இருக்கிறது. எம்.பி.ஐ.க்கு அப்படியொரு சான்று இன்னும் இல்லை. கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு மட்டுமே இருக்கிறது.

என் கருத்தில் எம்.பி.ஐ. பொருந்துவது இரண்டு இடங்களில். சி அல்லது டி அடர்த்தியோடு கூடுதல் ஆபத்தும் இருந்து, எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத பெண்கள் முதல் வகை. பேஸ்மேக்கர் இருப்பவர்கள், சிறுநீரகக் கோளாறால் எம்.ஆர்.ஐ.க்கான காடோலினியம் மருந்து ஏற்ற முடியாதவர்கள், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவே முடியாத அளவுக்கு மூடிய இடத்தைக் கண்டு பயம் உள்ளவர்கள் இதில் வருவார்கள். மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும்போது முடிச்சை அவிழ்க்க எடுப்பது இரண்டாவது வகை. புற்றுநோய் ஏற்கெனவே உறுதியான மார்பில் வேறு இடத்திலும் பொட்டு இருக்கிறதா என்று அறுவைக்கு முன் பார்ப்பதும் உண்டு.

எம்.ஆர்.ஐ. எடுக்க முடிகிறவர்களுக்கு அதுவே முதலில். கதிர்வீச்சு கிடையாது, சான்றும் வலுவானது. மிக அடர்த்தியான மார்பகம் கொண்ட பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்த டென்ஸ் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்படும் புற்றுநோய்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க அழைக்கப்பட்ட குழுவில் ஆயிரத்துக்கு 5-இலிருந்து 2.5 ஆகக் குறைந்திருந்தன. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள இளம் பெண்களுக்கு ஆண்டுதோறும் கதிர்வீச்சு சேர்ப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். அவர்கள் வழி எம்.ஆர்.ஐ.தான்.

கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்காமல் யாரும் இருப்பதில்லை. மேமோகிராமில் உடலுக்குச் சேரும் அளவு ஏறத்தாழ 0.4 முதல் 0.5 மில்லிசீவர்ட். 8 மில்லிக்யூரி எம்.பி.ஐ.யில் 2 முதல் 2.5. இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் ஒரு மனிதருக்குச் சேரும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் என்பதால் ஏறத்தாழ ஓராண்டு இயற்கைக் கதிர்வீச்சு என்று வைத்துக்கொள்ளலாம். பெட்-சி.டி. இதைப் போலப் பல மடங்கு. ஒரு முறை எடுப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் எடுப்பதாக இருந்தால் யோசிக்க வேண்டும். பலருக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒரு விஷயம்: எம்.பி.ஐ.யில் அதிகக் கதிர்வீச்சு வாங்குவது மார்பகம் இல்லை, பெருங்குடல். மருந்து கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து குடலுக்குப் போவதே அதற்குக் காரணம்.

படி 3: எந்தக் கேமரா என்று கேளுங்கள்

தனி மார்பக காமா கேமரா இந்தியாவில் அரிது. "மார்பக நியூக்ளியர் ஸ்கேன்" என்று எழுதிக்கொடுத்தால், பல இடங்களில் எலும்புக்கும் தைராய்டுக்கும் பயன்படும் பொதுவான பெரிய காமா கேமராவிலேயே எடுப்பார்கள். அதற்கு சின்டிமேமோகிராஃபி என்று பெயர். துளையிட்ட படுக்கையில் குப்புறப் படுக்க, மார்பு கீழே தொங்கும்; கேமரா பக்கவாட்டில் நிற்கும். கேமராவுக்கும் கட்டிக்கும் இடையில் தூரம் விழுவதால் 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகள் தப்பிவிடும். மருந்தும் 20 முதல் 30 மில்லிக்யூரி தேவைப்படும். ஆரம்பக் கட்டத்தைத் தேடிப் போகிறவருக்கு இது கைகொடுக்காது. கதிர்வீச்சு அதிகம், கிடைக்கும் தகவல் குறைவு.

எம்.பி.ஐ. கேமராவில் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்ற படிகத்தாலான இரண்டு தட்டுகள் மார்பை மேலும் கீழுமாக நெருங்கித் தொடும். அந்த நெருக்கம்தான் 1 செ.மீ.க்கும் குறைந்த கட்டிகள் தெரியக் காரணம். அதனால் முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: கேமரா மார்பகத்துக்கென்றே உள்ளதா, மருந்து எத்தனை மில்லிக்யூரி. இரண்டாவது கேள்விக்கு 20 என்று பதில் வந்தால், உங்களை அனுப்பிய மருத்துவரிடம் திரும்பப் போய், "இதில் என்ன புதிதாகத் தெரியப் போகிறது?" என்று கேட்பதில் தவறில்லை. அதே பணத்தில் நல்ல மார்பக எம்.ஆர்.ஐ. கிடைக்கும் ஊரில் நான் அதையே எடுக்கச் சொல்வேன்.

எந்த மையமானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். வரவேற்பறையிலோ ஸ்கேன் அறை வாசலிலோ மாட்டியிருப்பார்கள்.

படி 4: நாள் குறித்தல்

மாதவிடாய் நிற்காதவர்கள் சுழற்சியின் முதல் பாதியில் நாள் கேளுங்கள். பிற்பாதியில் ஹார்மோன் ஏற்றத்தால் சாதாரணச் சுரப்பித் திசுவே மருந்தை இழுத்துக்கொண்டு படம் முழுக்க மங்கலாக ஒளிரும். அதற்குள் சிறு கட்டியைத் தேடுவது கடினம். ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சமீபத்தில் ஊசி குத்திச் சோதித்திருந்தால் இடைவெளி வேண்டும். மெல்லிய ஊசிச் சோதனைக்குப் பிறகு 2 வாரம், கெட்டி ஊசி பயாப்ஸிக்குப் பிறகு 4 முதல் 6 வாரம் என்பது வழக்கம். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் மருந்தை இழுக்கும். ஆனால் பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியாகிவிட்டால் இந்த இடைவெளிக்காக சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது ஸ்கேனைத்தான் விட வேண்டும்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் ஸ்கேன் கிடையாது. நாள் தள்ளிப்போயிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சோதித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுப் பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைக்கலாம். பாலில் கலக்கும் மருந்து மிகக் குறைவு. ஆனால் பால் சுரக்கும் மார்பே நன்றாக ஒளிரும் என்பதால் படம் தெளிவாக வராது. அவசரம் இல்லையென்றால் பால் மறந்த பிறகு எடுப்பதே மேல்.

கடைசி நேரத்தில் தேதி மாறினால் மையத்தின் மீது கோபப்பட வேண்டாம். டெக்னீசியத்தை அலமாரியில் வாங்கி வைக்க முடியாது. மாலிப்டினம்-99 நிரப்பிய ஜெனரேட்டரிலிருந்து தினமும் காலையில் பிரித்தெடுக்கிறார்கள். மாலிப்டினத்தின் அரை ஆயுளே 66 மணி நேரம்தான் என்பதால் ஜெனரேட்டர் அடிக்கடி புதிதாக வர வேண்டும். அது ஒரு நாள் தாமதமானால் அன்றைய பட்டியல் முழுவதும் சரியும்.

படி 5: ஊசி

அன்று காலை மூன்று நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சாப்பாடு குடலை நோக்கி ரத்தத்தை இழுத்துவிடும். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் முன்பதிவிலேயே சொல்லி அதிகாலை நேரம் வாங்குங்கள். உடம்பு குளிர்ந்திருந்தாலும் மார்புக்கு ரத்தம் குறையும். ஏ.சி. அறையில் காத்திருக்கும்போது ஒரு சால்வையைப் போர்த்திக்கொள்வது படத்துக்கும் நல்லது.

எந்தக் கையில் ஊசி என்பது முக்கியம். சந்தேகம் உள்ள மார்புக்கு எதிர்ப்பக்கக் கையில் போட வேண்டும். நரம்பிலிருந்து மருந்து கொஞ்சம் கசிந்தால் அது நிணநீர் வழியாக அதே பக்க அக்குளுக்குப் போய் அங்குள்ள நிணநீர் முடிச்சை ஒளிரச் செய்யும். படம் பார்ப்பவர் அதை நோய் பரவியதாக எண்ணக்கூடும். ஊசி போட வருபவர் உங்கள் ஃபைலைப் பார்க்காமல் எட்டிய கையை நீட்டச் சொன்னால், "எனக்கு இடது பக்கம் கட்டி, வலது கையில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். இரு பக்கமும் சந்தேகம் இருந்தால் கால் நரம்பில் போடுவதுண்டு. ஊசி போட்ட இடத்தில் வீங்கி எரிந்தால் அப்போதே சொல்லி, ரிப்போர்ட் எழுதுபவருக்குத் தெரியும்படி குறிக்கச் சொல்லுங்கள்.

மருந்து ஏறியதும் வாயில் சிலருக்கு உலோகச் சுவை தோன்றும், சில நிமிடங்களில் போய்விடும். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உடம்பு சூடாகாது. ஒவ்வாமை மிக அரிது.

படி 6: கேமராவில்

ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் படம் தொடங்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி, மேமோகிராமில் நிற்பதுபோலவே மார்பைத் தட்டுகளுக்கு இடையில் வைப்பார்கள். அழுத்தம் மேமோகிராமில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வலியைவிடப் பொறுமைதான் சோதனை. ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என நான்கு படங்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 நிமிடம், மொத்தம் 40 நிமிடம். கேமரா கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணுவதால் அவசரப்படுத்த முடியாது. முதுகுக்குத் தலையணை கேட்டு வாங்குங்கள். மூச்சு விடலாம், பேசலாம். நகர்ந்தால் மட்டும் படம் இழுபட்டுவிடும்.

எங்கே கட்டி என்று விரலால் காட்டத் தெரிந்தால் தொழில்நுட்பருக்குக் காட்டிவிடுங்கள். நெஞ்சுச் சுவரை ஒட்டியும் அக்குளின் உள்ளேயும் இருக்கும் கட்டிகள் தட்டுகளுக்குள் வராமல் போகலாம். கேமராவுக்குள் வராததைக் கேமரா காட்டாது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். சமைக்கலாம், குடும்பத்தோடு சாப்பிடலாம். கைக்குழந்தையையோ கர்ப்பிணியையோ அன்று முழுதும் மடியோடு மடியாக வைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான். அடுத்த ஓரிரு நாளில் விமானப் பயணம் இருந்தால் ஸ்கேன் எடுத்ததற்கான கடிதத்தைக் கையில் வையுங்கள். விமான நிலையக் கதிர்வீச்சு உணரிகள் மிக நுண்ணியவை, மிச்சத்தைக்கூடக் கண்டுகொண்டு ஒலிக்கும்.

படி 7: ரிப்போர்ட்டைப் படித்தல்

எம்.பி.ஐ. ரிப்போர்ட்டும் பைராட்ஸ் எண்களையே பின்பற்றும். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் சில மாதத்தில் மறுபடி. 4, 5 என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். 0 என்றால் தகவல் போதவில்லை, வேறு படம் வேண்டும் என்று அர்த்தம். பூஜ்யத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. இளம்பெண்களுக்கு வரும் சாதுக் கட்டியான ஃபைப்ரோஅடினோமா, கொழுப்புத் திசு சிதைவு, அழற்சி எல்லாம் ஒளிரலாம். ஒளிராததெல்லாம் நலமும் அல்ல. சில புற்றுநோய்ச் செல்களின் சவ்வில் பி-கிளைகோபுரதம் என்ற ஒரு பம்பு இருக்கிறது. உள்ளே வந்த செஸ்டாமிபியை அது உடனுக்குடன் வெளியே தள்ளிவிடும். சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள கட்டிகளும் தப்பலாம்.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கையில் கட்டி தெரிகிறது, அல்லது மேமோகிராமில் பைராட்ஸ் 4 என்று வந்துவிட்டது என்றால், எம்.பி.ஐ. சுத்தமாக வந்தாலும் பயாப்ஸியைத் தவிர்க்க முடியாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று ஊருக்குத் திரும்பி ஓராண்டு கழித்து வருவதைவிட, ஸ்கேனே எடுக்காமல் பயாப்ஸி செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

எம்.பி.ஐ.யில் மட்டும் ஓர் இடம் ஒளிர்கிறது, மேமோகிராமில் இல்லை என்றால் அடுத்து அதே இடத்தைக் குறிவைத்து மறுபடி அல்ட்ராசவுண்ட். பெரும்பாலும் முதல் முறை கண்ணில் படாமல் விட்டது இப்போது தெரியும். அங்கேயே ஊசி போட்டுத் திசு எடுத்துவிடலாம். அப்படியும் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். எம்.பி.ஐ. கேமராவின் வழிகாட்டலிலேயே பயாப்ஸி எடுக்கும் வசதி உலகில் சில மையங்களில்தான் உண்டு.

பெட் ஸ்கேன் ஏன் இந்த வரிசையில் இல்லை

பெட் ஸ்கேனில் ஏற்றுவது எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரை. ஃபுளோரின்-18 அதன் கதிர் மூலம், அரை ஆயுள் 110 நிமிடம். வேகமாக வளரும் கட்டி சர்க்கரையை அள்ளிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில் இந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. பால் குழாய்க்குள் அடங்கிய புற்று, மெதுவாக வளரும் வகை, பால் சுரப்பி மடல்களில் தொடங்கும் லோபுலார் வகை எல்லாம் சர்க்கரையை அவ்வளவாக இழுப்பதில்லை. கட்டி 1 செ.மீ.க்குக் கீழே இருந்தால், மூச்சில் ஏறி இறங்கும் மார்பில் அந்த ஒளி கரைந்தே போகும்.

மறுபக்கம், இல்லாததைக் காட்டும் தொல்லையும் உண்டு. காசநோய் வந்து ஆறிக்கொண்டிருக்கும் நெஞ்சு முடிச்சுகள் பெட் ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுப் பரவல் போல் ஒளிரும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது அன்றாடச் சிக்கல். கோவிட் தடுப்பூசி போட்ட காலத்தில், ஊசி போட்ட கைப்பக்க அக்குள் முடிச்சுகள் ஒளிர்ந்து உலகம் முழுவதும் மருத்துவர்களைக் குழப்பின. அப்படி ஒரு முடிச்சு தெரிந்துவிட்டால், அதைத் துரத்திக்கொண்டு சி.டி., ஊசி, இன்னொரு ஊசி என்று வாரங்கள் ஓடும், சிகிச்சை காத்திருக்கும்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-இலேயே, பரவும் வாய்ப்புக் குறைந்த ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்கு பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எலும்பு வலி, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதியின் உயர்வு, பெரிய கட்டி, அக்குளில் பல முடிச்சுகள் என்று காரணம் இருந்தால் அவை தேவைப்படும். "மனத் திருப்திக்காக" எடுப்பது வீண் செலவு. பெட் ஸ்கேனை மார்புக்கு மட்டும் சுருக்கிய பாசிட்ரான் எமிஷன் மேமோகிராஃபி என்ற கருவியும் வந்தது. சிறிய கட்டிகளைக் காட்டும் என்றாலும், ஊசி மருந்தின் கதிர்வீச்சு முழு உடலுக்கும் சேருவதால் நோயில்லாத பெண்களைப் பரிசோதிக்க உகந்ததாக ஆகவில்லை.

படி 8: உறுதியான பிறகு, அறுவை அறையில்

அணு மருத்துவம் ஆரம்பக் கட்ட நோயாளிக்கு உண்மையாகவே கைகொடுப்பது இங்கேதான். எம்.பி.ஐ. உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். காவல் நிணநீர் முடிச்சுச் சோதனை பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கிறது. ஆங்கிலத்தில் சென்டினல் நோட் என்பார்கள், மருத்துவமனையிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மார்பிலிருந்து புற்றுச் செல் கிளம்பினால் நிணநீர் வழியாக முதலில் போய்ச் சேர்வது அக்குளில் உள்ள ஒன்றிரண்டு முடிச்சுகளுக்குத்தான். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றிலும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த முதல் முடிச்சைக் கண்டுபிடிக்க, அறுவைக்கு முந்தைய நாளோ அன்று காலையோ, காம்பைச் சுற்றியுள்ள தோலில் டெக்னீசியம் கலந்த நுண்துகள் மருந்தை மிகச் சிறிய அளவில் போடுகிறார்கள். அரை முதல் ஒரு மில்லிக்யூரி. அந்த ஊசி சுரீரென்று எரியும், சில விநாடிகள்தான். அறுவை அறையில் பேனா போன்ற காமா உணரியை அக்குளில் நகர்த்தும்போது மருந்து சேர்ந்த முடிச்சின் மேல் அது வேகமாக ஒலிக்கும். அந்த முடிச்சை எடுத்து நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்புவார்கள். கூடவே நீலச் சாயமும் போடுவது பல அறுவை நிபுணர்களின் வழக்கம். நீலச் சாயத்தால் அன்று சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், பயப்பட வேண்டாம்.

இதை 1993-இல் காமா உணரியோடு செய்து காட்டியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் டேவிட் கிராக். அதற்கு முன் மார்பகப் புற்றுநோய் என்றால் அக்குள் முடிச்சுகளை மொத்தமாக வழித்தெடுப்பதுதான் வழக்கம். அதன் விலை கை வீக்கம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முடிச்சுகளை முழுவதும் எடுத்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குக் கை வீங்குகிறது. காவல் முடிச்சை மட்டும் எடுத்தவர்களில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு. வாழ்நாள் முழுதும் குடம் தூக்கவும் துணி துவைக்கவும் வேண்டிய கை அது.

கட்டி கையில் தட்டுப்படாத அளவு சிறியதாக, படத்தில் மட்டும் தெரிவதாக இருந்தால், அதன் நடுவிலேயே கதிரியக்க மருந்தை ஒரு சொட்டு வைத்து, அதே உணரியால் தேடி எடுக்கும் முறையும் உண்டு. ரோல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்; இத்தாலியின் மிலான் நகரில் 1990-களின் பிற்பாதியில் தொடங்கியது. கட்டியின் இடத்தைக் குறிக்கச் செருகிய கம்பி மார்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்க அறுவைக்குக் காத்திருக்கும் பழைய முறையைவிட நோயாளிக்கு நிம்மதி.

கர்ப்பிணிகளுக்குப் புற்றுநோய் உறுதியானால் காவல் முடிச்சுச் சோதனையை டெக்னீசியம் மருந்தோடு செய்யலாம். அளவு மிகக் குறைவு, அது மார்பிலும் அக்குளிலுமே தங்கிவிடும். நீலச் சாயத்தைத்தான் தவிர்ப்பார்கள்.

அண்மைக் காலத்தில் இதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2 செ.மீ. வரையிலான கட்டியும், அல்ட்ராசவுண்டில் சுத்தமான அக்குளும் இருந்த பெண்களிடம் இத்தாலியில் தொடங்கிய சவுண்ட் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. காவல் முடிச்சைக்கூட எடுக்காமல் விட்டவர்களின் நிலை எடுத்தவர்களுக்குக் குறையாமல் இருந்தது. 2024-இல் வந்த ஜெர்மன் தலைமையிலான இன்செமா ஆய்வும் அதையே சொன்னது. அதனால் சிறிய கட்டி, ஐம்பது வயதைத் தாண்டியவர், ஹார்மோன் ஏற்பி உள்ள வகை என்றால், அறுவைத் தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "என் அக்குள் அல்ட்ராசவுண்டில் என்ன தெரிந்தது? முடிச்சை எடுப்பதால் எனக்குக் கொடுக்கப் போகும் மருந்து மாறுமா?" மாறும் என்றால் ஊசிக்கு நாள் வாங்குங்கள். மாறாது என்று அவர் சொன்னால் அக்குளைத் தொடாமலேயே விடுவதைப் பற்றிப் பேசலாம்.